நடுங்கிய கையும் நடுங்காத உள்ளமும்

ஒரு நாட்டின் வரலாறு பெரும் போர்களாலும் பெருஞ் செல்வத்தாலும் மட்டும் அமைவதன்று. ஆட்சிப் பொறுப்பில் இருப்போர் இக்கட்டான வேளையில் எடுக்கும் முடிவுகளாலும், எடுக்கத் தவறும் முடிவுகளாலும் அஃது உருப்பெறுகின்றது. இதனை நன்குணர்ந்த வள்ளுவப் பெருந்தகை தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். வினைத்திட்பம் என்பதனை அமைச்சியலில் தனியே வைத்தார். ஆராய்ந்து தொடங்குவது ஒன்று. தொடங்கியபின் தளராது நிற்பது மற்றொன்று என்பது இவ்வமைப்பால் விளங்கும்.

இவ்விரு பண்பும் ஒருங்கே அமைந்த தலைவர்களுள் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 16ஆவது குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன். அவர் அடிமைகளின் விடுதலையை அறிவித்தவர் என்பதைப் பள்ளிச் சிறாரும் அறிவர். ஆயின், அறிவித்து ஏறத்தாழ இருபது திங்கள் கழிந்தபின், தம் பதவியே பறிபோகும் நிலையிலும் அவ்வறிவிப்பிலிருந்து பின்வாங்குவதில்லை என அவர் உறுதி பூண்டதைப் பலர் அறியார். லிங்கனின் பெருமை கையெழுத்திட்ட நாளைவிட, அதனைக் காத்து நின்ற நாளிலேயே மிகுதியும் விளங்குகின்றது.

மரக்குடிலில் பிறந்தவர்

கென்டக்கி மாநிலத்தில், ஒற்றை அறை கொண்ட மரக்குடிலில், 1809ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் லிங்கன் பிறந்தார். தந்தை தாமஸ் உழவும் தச்சும் செய்து வாழ்ந்தவர். 1816ஆம் ஆண்டு குடும்பம் இண்டியானாவின் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பது வயதில் லிங்கன் தம் தாய் நான்சியை இழந்தார். அடுத்த ஆண்டு அவ்வில்லத்திற்கு வந்த சிற்றன்னை சாரா, பெற்ற தாயினும் பரிவுடன் அவரை வளர்த்தார். அவர் நூல் பயிலும் ஆர்வத்திற்கு அரணாகவும் நின்றார்.

லிங்கன் பள்ளி சென்ற நாள்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிரம்பாது. கோடரி பிடித்துக் காடு திருத்திய கையாலேயே இரவல் நூல்களைப் புரட்டிக் கற்றார். பின்னர் இல்லினாய் மாநிலத்தில் குடியேறிக் கடை நடத்தினார். அது நொடித்துப்போய்க் கடனில் முடிந்தது. அஞ்சல் அதிகாரியாகவும் நில அளவையாளராகவும் பணி புரிந்துகொண்டே தாமே சட்டம் பயின்று, 1836இல் வழக்கறிஞராகும் உரிமம் பெற்றார். அதற்கு முன்னரே, 1834இல், மாநிலச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 1847 முதல் ஈராண்டுகள் நாட்டின் பிரதிநிதிகள் சபையிலும் உறுப்பினராக இருந்தார்.

1841ஆம் ஆண்டு நீராவிப் படகொன்றில் பயணம் செய்தபொழுது, ஏறத்தாழப் பன்னிரண்டு அடிமைகள் இரும்புச் சங்கிலியால் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்த காட்சியைக் கண்டார். அந்நினைவு தம்மை விடாது வருத்தியதாகப் பல்லாண்டுகளுக்குப் பின் நண்பர் ஒருவருக்கு எழுதினார். 1854ஆம் ஆண்டு நிறைவேறிய கான்சஸ்–நெப்ராஸ்காச் சட்டம், புதிய நிலப்பகுதிகளிலும் அடிமைமுறை பரவ வாயில் திறந்தபோது, அரசியலைவிட்டுச் சற்றே ஒதுங்கியிருந்த லிங்கன் மீண்டும் களம் புகுந்தார். 1858இல் செனட் தேர்தலில் ஸ்டீபன் டக்ளஸ் என்பாருடன் ஏழு ஊர்களில் சொற்போர் நிகழ்த்தினார். அத்தேர்தலில் தோற்றாரெனினும், நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது.

முடிவெடாமையும் ஒரு முடிவே

1860ஆம் ஆண்டு நவம்பரில் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நால்வர் போட்டியிட்ட அத்தேர்தலில் அவர் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பதே. அவர் பதவியேற்பதற்கு முன்னரே ஏழு தென் மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து பிரிந்துவிட்டதாக அறிவித்தன. அப்பொழுது பதவியில் இருந்தவர் ஜேம்ஸ் புக்கானன். பிரிந்து செல்ல மாநிலங்களுக்கு உரிமை இல்லை என்றும், பிரிவதைத் தடுக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும் அவர் ஒருசேரக் கருதினார். அவர் வாளாவிருந்த நான்கு திங்களில் தெற்கே ஒரு தனி அரசே தோன்றிவிட்டது.

1861ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள் பதவியேற்ற லிங்கன் முன் ஒரு சிக்கல் நின்றது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்த சம்டர் கோட்டையில் ஒன்றியத்தின் படைவீரர்கள் உணவின்றித் தவிக்கும் நிலை நெருங்கியது. கோட்டையைக் கைவிடுதலே நன்று என அமைச்சருள் பெரும்பாலோர் முதலில் கருத்துரைத்தனர். கைவிட்டால் பிரிவினையை ஏற்றதாகும். படையுடன் புகுந்தால் போரைத் தொடங்கிய பழி சேரும். லிங்கன் இரண்டையும் தவிர்த்தார். உணவுப்பொருள் மட்டுமே அனுப்பப்படும் என அம்மாநில ஆளுநருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் கப்பல்களை அனுப்பினார். ஏப்ரல் 12ஆம் நாள் தென்னவரின் பீரங்கிகள் கோட்டையைத் தாக்கின. உள்நாட்டுப் போர் மூண்டது. மேலும் நான்கு மாநிலங்கள் பிரிந்தன.

போர்க்காலத்தில் லிங்கன் எடுத்த முடிவுகள் யாவும் குறையற்றவை அல்ல. விசாரணையின்றி ஒருவரைச் சிறைவைத்தலைத் தடுக்கும் ஆட்கொணர்வு உரிமையை அவர் சில பகுதிகளில் நிறுத்தி வைத்தார். தலைமை நீதிபதி ரோஜர் டானி அது சட்டத்திற்கு முரணானது என உரைத்தும் லிங்கன் இசையவில்லை. இது குறித்த வாதம் இன்றும் ஓயவில்லை.

காலம் கருதியவர்

அந்நாளில் அமெரிக்காவில் ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் அடிமைகளாக இருந்தனர். அடிமைமுறை தீது என்பதில் லிங்கனுக்கு ஐயம் இருந்ததில்லை. எனினும், அமைதிக் காலத்தில் மாநிலங்களுக்குள் நிலவும் அடிமைமுறையில் தலையிட அரசமைப்புச் சட்டம் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் வழங்கவில்லை என அவர் கருதினார். அன்றியும், கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் ஆகிய நான்கும் அடிமைமுறை நிலவியும் ஒன்றியத்தை விட்டு நீங்காத எல்லை மாநிலங்கள். அவற்றை இழந்தால் போரையே இழக்க நேரும் என அஞ்சினார். எனவே, 1861இல் மிசௌரியில் படைத்தலைவர் பிரீமாண்ட் தாமாகவே விடுதலை அறிவித்தபொழுது லிங்கன் அதனை நீக்கினார். விடுதலை இயக்கத்தார் அவரைக் கடிந்துரைத்தனர்.

1862ஆம் ஆண்டு அவருக்குத் துயர் மிகுந்த ஆண்டு. பிப்ரவரியில் பதினொரு வயது மகன் வில்லி நோயுற்று வெள்ளை மாளிகையிலேயே இறந்தான். அத்துயரினூடும் ஆட்சிப் பணி தொடர்ந்தது. ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இழப்பீடு பெற்றுக்கொண்டு படிப்படியாக அடிமைகளை விடுவிக்குமாறு எல்லை மாநிலத்தாரை லிங்கன் வேண்டினார்; அவர்கள் இணங்கவில்லை. இனி வேண்டுகோளால் பயனில்லை எனத் தெளிந்த அவர், ஜூலை 22ஆம் நாள் விடுதலை அறிக்கையின் வரைவை அமைச்சரவையில் படித்தார். தோல்விகள் தொடரும் வேளையில் இதனை வெளியிட்டால், வலியிழந்த அரசு அடிமைகளின் துணையை இரந்து நிற்பதாக உலகம் எண்ணும் என அயலுறவு அமைச்சர் வில்லியம் சூவார்டு எடுத்துரைத்தார். அக்கூற்றின் உண்மையை உணர்ந்த லிங்கன், வரைவை மேசை அறையில் வைத்துக்கொண்டு ஒரு வெற்றிக்காகக் காத்திருந்தார்.

செப்டம்பர் 17ஆம் நாள் ஆண்டீட்டம் என்னும் இடத்தில் ஒரே பகலில் இரு தரப்பிலும் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். முழு வெற்றி எனக் கூற இயலாவிடினும், தென்னவர் படை பின்வாங்கியது. லிங்கனுக்கு அதுவே போதுமானதாயிற்று. ஐந்து நாள்களில் முதல் அறிக்கை வெளிவந்தது. கிளர்ச்சி செய்யும் மாநிலங்கள் ஆண்டிறுதிக்குள் திரும்பாவிடில், அங்குள்ள அடிமைகள் புத்தாண்டு நாள் முதல் விடுதலை பெற்றவராவர் என அது அறிவித்தது.

கையெழுத்திட்ட நாள்

1863ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள். வழக்கம்போல வெள்ளை மாளிகையில் புத்தாண்டு வரவேற்பு நிகழ்ந்தது. மணிக்கணக்காக மக்களின் கைகளைப் பற்றிக் குலுக்கிய லிங்கனின் வலக்கை மரத்துப்போயிற்று. பிற்பகலில் அறிக்கை அவர் முன் வைக்கப்பட்டது. எழுதுகோலை எடுத்தவர் கை நடுங்கக் கண்டு கீழே வைத்தார். கையெழுத்தில் நடுக்கம் தோன்றின், தாம் தயங்கினார் எனப் பிற்காலத்தார் கருதுவரே என்பது அவர் கவலை. தம் வாழ்வில் இதனினும் நேரிய செயல் எதனையும் செய்ததாகத் தாம் உணரவில்லை என உடனிருந்தோரிடம் கூறிவிட்டுத் தம் முழுப்பெயரையும் மெல்ல, உறுதியாக எழுதினார்.

படைத்தலைமை என்னும் போர்க்கால அதிகாரத்தைக் கொண்டு வெளியிடப்பட்டமையால், அவ்வறிக்கை கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. எல்லை மாநிலங்களின் அடிமைகள் அதனால் விடுபடவில்லை. எனினும் அதன் விளைவுகள் பெரியன. ஒன்றியப் படை முன்னேறிய இடமெல்லாம் விடுதலையும் உடன் சென்றது. கறுப்பின மக்கள் படையில் சேர வழி பிறந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 பேர் ஒன்றியத்தின் தரைப்படையில் பணியாற்றினர். நாட்டின் ஒற்றுமைக்காகத் தொடங்கிய போர், மனித உரிமைக்கான போராகவும் மாறியது.

கடல் கடந்தும் அதன் எதிரொலி கேட்டது. தென் துறைமுகங்களை லிங்கன் முற்றுகையிட்டமையால் அமெரிக்கப் பருத்தி வரத்து அருகி, இங்கிலாந்தின் இலங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன. பருத்திக்காக அவ்வாலைகள் இந்தியாவை நாடியதால், நம் திருநெல்வேலிச் சீமை உள்ளிட்ட பகுதிகளின் பருத்திக்கும் விலை ஏறியது. வேலையிழந்து வாடியபோதும் மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூடி அடிமை விடுதலையை ஆதரித்து லிங்கனுக்கு மடல் விடுத்தனர். அவர்தம் தியாகத்தைப் போற்றி லிங்கன் மறுமொழி எழுதினார்.

கல்விக்கும் மண்ணுக்கும்

போரின் புகைக்கிடையே லிங்கன் கையொப்பமிட்ட வேறு சில சட்டங்களும் நாட்டை உருமாற்றின. 1862ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிடுவோர்க்கு 160 ஏக்கர் நிலம் வழங்கியது. பசிபிக் இருப்புப்பாதைச் சட்டத்தின் பயனாக 1869இல் கண்டத்தை ஊடறுத்துத் தொடர்வண்டிப் பாதை நிறைவுற்றது.

கல்லூரியில் பயில்வோர் கருத வேண்டியது மோரில் சட்டம் எனப்படும் நிலக்கொடைச் சட்டமாகும். ஒவ்வொரு மாநிலத்திற்கும், காங்கிரஸில் அதற்குள்ள உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் பொது நிலத்தை வழங்கி, அவ்வருவாயால் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ அது வழி செய்தது. இத்தகைய சட்டமுன்வடிவை 1859இல் புக்கானன் மறுத்து ஒதுக்கினார். 1862 ஜூலையில் லிங்கன் ஏற்றார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்த உயர்கல்வி, உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எட்டலாயிற்று. பள்ளியில் ஓராண்டுகூடப் பயிலாத ஒருவரின் கையெழுத்தால் எத்துணைக் கல்லூரிகள் எழுந்தன என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கின்றது.

ஆயினும் அந்நிலங்கள் யாவும் ஆளற்றுக் கிடந்தவை அல்ல. செவ்விந்தியப் பழங்குடியினரிடமிருந்து பறிக்கப்பட்டவை. அதே 1862இல் மினசோட்டாவில் டக்கோட்டா மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, படை நீதிமன்றம் 303 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. லிங்கன் வழக்குகளை ஆராய்ந்து பெரும்பாலோரைக் காத்தார். எனினும் 38 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். ஒரு மக்களுக்கு வாழ்வளித்த முடிவு பிறிதொரு மக்களுக்கு இழப்பாயிற்று என்பதையும் நடுநிலை வழுவாது எண்ணுதல் வேண்டும்.

கடுஞ் சோதனை

1864ஆம் ஆண்டின் கோடை. போர் நான்காம் ஆண்டில் நீண்டது. வர்ஜினியாவில் குருதி வெள்ளம் பெருகியும் வெற்றி கிட்டவில்லை. மக்கள் சலிப்புற்றனர். நவம்பரில் தேர்தல். அடிமை விடுதலையை வற்புறுத்துவதாலேயே அமைதி தொலைவில் நிற்கின்றது என எதிர்க்கட்சியினர் முழங்கினர். சொந்தக் கட்சியின் தேசியக் குழுத் தலைவர் ஹென்றி ரேமண்டும், வெற்றி கைநழுவிவிட்டது எனவும், ஒன்றியத்தில் மீண்டும் இணைவது ஒன்றையே நிபந்தனையாக்கித் தென்னவரிடம் அமைதி பேசிப் பார்த்தல் வேண்டும் எனவும் எழுதினார். அதாவது, விடுதலை என்னும் சொல்லை விட்டுவிட்டால் பதவி தப்பும் என்பது பொருள்.

லிங்கன் தடுமாறவே இல்லை எனக் கூறுதல் பொருந்தாது. அத்தகைய மடல்களை அவர் வரைந்தும் பார்த்தார், ஆனால் அனுப்பவில்லை. ஒன்றியத்திற்காகக் குருதி சிந்திய கறுப்பின வீரர்களை மீண்டும் அடிமைகளாக்கினால், இம்மையிலும் மறுமையிலும் தாம் பழிக்கப்படுவதே தகும் எனத் தம்மைக் காண வந்தோரிடம் கூறினார். அடிமையாகப் பிறந்து, தப்பிச் சென்று, பெரும் சொல்லாற்றலால் தம் மக்களுக்குத் தலைவரான பிரடெரிக் டக்ளஸை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். தாம் தோற்று வேறொருவர் பதவியேற்பதற்குள் எத்துணை அடிமைகளை ஒன்றியப் படையின் எல்லைக்குள் கொணர இயலுமோ, அத்துணைப் பேரையும் கொணர்வதற்கு வழி காணுமாறு அவரை வேண்டினார். தம் பதவியைக் காப்பதற்குரிய வழியைத் தேடவேண்டிய நேரத்தில், தம் தோல்விக்குப் பின்னும் அம்மக்கள் பிழைக்கும் வழியைத் தேடியவர் அவர்.

ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள், தாம் தோற்பது பெரும்பாலும் உறுதி என்றும், தோற்றபின் எஞ்சும் நாள்களில் புதிய தலைவருடன் ஒத்துழைத்து ஒன்றியத்தைக் காத்தல் கடமை என்றும் ஒரு தாளில் எழுதி மடித்தார். உள்ளே என்ன உள்ளது என்பதைக் காட்டாமலே அமைச்சர்களிடம் அதன் புறத்தே கையொப்பம் பெற்றார். தேர்தலை ஒத்திவைக்க அவர் நினைக்கவில்லை. கொள்கையைக் கைவிடவும் இல்லை.

செப்டம்பர்த் தொடக்கத்தில் அட்லாண்டா நகரம் வீழ்ந்தது. காற்று திசை மாறியது. நவம்பரில் லிங்கன் 212 தேர்வாளர் வாக்குகளும், எதிர்த்து நின்ற மெக்கிளெலன் 21 வாக்குகளும் பெற்றனர். போர்முனையில் இன்னலுற்ற வீரர்களே அவருக்குப் பெருவாரியாக வாக்களித்தனர்.

சட்டத்தில் நிலைபெற்றது

போர்க்கால அறிக்கை போர் முடிந்தபின் செல்லாது எனப்படலாம் என்பதனை வழக்கறிஞரான லிங்கன் அறிவார். எனவே அடிமைமுறையை நாடு முழுவதும் ஒழிக்கும் 13ஆவது திருத்தத்தை அரசமைப்புச் சட்டத்தில் சேர்ப்பதில் முனைந்தார். 1864 ஜூனில் பிரதிநிதிகள் சபையில் போதிய வாக்கின்றி வீழ்ந்த அத்திருத்தம், அவரது இடைவிடா முயற்சியால் 1865ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் 119க்கு 56 என்னும் வாக்குகளில் நிறைவேறியது.

ஏப்ரல் 9ஆம் நாள் தென்னவரின் படைத்தலைவர் லீ சரணடைந்தார். இரண்டு நாள் கழித்து ஆற்றிய உரையில், கறுப்பினத்தாருள் கற்றோர்க்கும் படைவீரர்க்கும் வாக்குரிமை வழங்குவதைத் தாம் விரும்புவதாக லிங்கன் கூறினார். அக்கூட்டத்தில் நின்று கேட்டுச் சினந்தவன் ஜான் வில்க்ஸ் பூத் என்னும் நடிகன். ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, போர்டு நாடக அரங்கில் அவன் லிங்கனைப் பின்னிருந்து சுட்டான். மறுநாள் காலை, 56ஆம் அகவையில், லிங்கன் உயிர் நீத்தார். அவர் காண விரும்பிய திருத்தம் அவ்வாண்டு டிசம்பரில் மாநிலங்களின் ஒப்புதல் பெற்று நாட்டின் சட்டமாயிற்று.

எஞ்சிய கடன்

லிங்கனுக்குப்பின் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜான்சன், விடுதலை பெற்றோர்க்குப் படைத்தலைவர் ஷெர்மன் ஒதுக்கிய நிலங்களைப் பழைய உடைமையாளர்களிடமே திருப்பியளித்தார்; குடியுரிமைச் சட்டத்தையும் மறுத்தார். காங்கிரஸ் அம்மறுப்பை மீறிச் சட்டம் இயற்றிய போதிலும், காலப்போக்கில் தெற்கே கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. ஒருவரின் முடிவால் திறந்த கதவு மற்றொருவரின் முடிவால் பாதி மூடப்பட்டது. ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தபின், மக்கள் பெரும் போராட்டம் நிகழ்த்தியபின், ஜான்சன் என்னும் அதே பெயர் கொண்ட மற்றொரு குடியரசுத் தலைவர் 1964, 1965ஆம் ஆண்டுகளில் குடியுரிமைச் சட்டத்திலும் வாக்குரிமைச் சட்டத்திலும் கையொப்பமிட்டார்.

1876இல் விடுதலை நினைவுச் சின்னத்தின் திறப்பு விழாவில் உரையாற்றிய பிரடெரிக் டக்ளஸ், லிங்கனை மிகைபடப் புகழவில்லை. விடுதலை வேட்கை கொண்டோர் நோக்கில் அவர் காலம் தாழ்த்தியவராகத் தோன்றினார் என்றும், அந்நாளைய மக்களின் மனநிலையை அளவுகோலாகக் கொண்டால் விரைந்து துணிந்து செயற்பட்டவரே என்றும் மதிப்பிட்டார். இதனினும் நடுநிலையான மதிப்பீடு அரிது.

மாணவச் செல்வங்கள் நாளை பள்ளி, கல்லூரி, அலுவலகம், ஊர்ப்பொது என ஏதேனும் ஓரிடத்தில் பொறுப்பேற்கப் போகின்றவர்கள். தக்க காலம் வரும்வரை காத்திருத்தல் கோழைமை ஆகாது. ஆனால், காலம் கனிந்து முடிவெடுத்தபின், தமக்கு இழப்பு நேரும் என்பதற்காக, அம்முடிவை நம்பி வந்தோரைக் கைவிடுதல் அறம் ஆகாது. கை நடுங்குவது உடலின் இயல்பு. உள்ளம் நடுங்காமை கற்றுப் பழக வேண்டிய பண்பு. இதுவே லிங்கனின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம்.